நாற்பத்தொன்பதாம் ஓலை

தாழைவிளையில் உப்புக்காரி அம்மையின் கதை ஏட்டை வாசிப்புக்கு வைத்துவிட்டால் ஒன்பது நாளும் மீன்காரிகள் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். ராஜாக்கமங்கலம் துறையிலிருந்து ஓட்டமும் நடையுமாக வருகிறவர்கள், ஊர் எல்லைப் பனையில் மாவிலைக் கொத்து தொங்குவதைப் பார்த்தால் கூடையை இறக்காமலே ஈத்தாமொழிச் சந்தைக்குப் போய்விடுவார்கள். பத்தாம் நாள் காலையில் மாவிலையை அவிழ்ப்பார்கள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் சாளைக் கறி மணக்கும்.

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு கார்த்திகையில், பத்தாம் நாள் வந்த மீன்காரி ஒருத்தி, மாவிலை அப்படியே வாடித் தொங்குவதைக் கண்டாள். எதிரே வந்தவளிடம் என்ன காரியம் என்று விசாரித்தாள். ஏடு நின்றுபோயிற்று என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் தலைகுனிந்து போனாள். மீன்காரி வேதக்காரி, சிலுவையைக் கும்பிடுகிறவள். உப்புக்காரி அம்மையைக் கும்பிடுகிறவள் அல்ல. ஆனாலும் அந்தப் பனையைத் தாண்ட அவளுக்குக் கால் வரவில்லை.

ஏடு நின்றது ஏழாம் நாள் மத்தியானம்.

பனையேறி சுயம்புவின் வீட்டு முற்றத்தில்தான் எப்போதும் ஏட்டுப் பந்தல் போடுவார்கள். ஏடு அந்தக் குடும்பத்தின் பொறுப்பில் இருந்தது. எழுபத்திரண்டு ஓலை. உச்சி சாய்ந்ததும் சுயம்பு குளித்து, நெற்றியில் மண் இட்டு, ஏட்டுப் பலகைமுன் உட்காருவான். விளக்கு வைக்கிற நேரம்வரை வாசிப்பு. முதல் நாள் கயிலாயம்: உமையவளின் நெற்றி வேர்வை கடலில் விழுந்து உப்பாக விளைவது. இரண்டாம் நாள் உப்பிலிருந்து அம்மை பெண்பிள்ளையாகப் பிறப்பது. பிறகு அவள் கூடை சுமந்து நாஞ்சில் நாட்டுக்குள் வருவது, கல்யாணம், பிள்ளைப்பேறு. ஏழாம் நாள் ஏடு பிறந்த கதை. அன்றைக்குத்தான் கூட்டம் அதிகம். வெளியூர்களுக்குக் கட்டிக்கொடுத்த பெண்களெல்லாம் வந்துவிடுவார்கள்.

சுயம்பு ராகம் போட்டு இழுத்து வாசித்துக்கொண்டிருந்தான்.

"பாளை சீவியவன் பதனீர் இறக்கிவர
வேளை இதுவென்று வேர்மூட்டில் குந்தினளே."

ஓலையைப் புரட்டினான். அடுத்த ஓலையின் முதல் வரியில் கண் விழுந்ததும் வாய் மூடிக்கொண்டது. திரும்பவும் முந்தின ஓலையைப் பார்த்தான். கட்டை அவிழ்த்து, முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்தான்.

ஊர்த் தலைவரான முதலடி செம்பொன் முன்வரிசையில் இருந்தார். "என்ன தம்பி, கண்ணு தெரியல்லியா?" என்றார்.

"ஓலை இல்ல, அண்ணாச்சி."

"இல்லண்ணா? கரையான் தின்னுட்டா?"

"தின்னல்ல. புது ஏட்டுல நான் எழுதல்ல."

அம்மை பனைமூட்டில் உட்கார்ந்ததும், பனையேறி பாறைமேல் விழுந்து கிடப்பதும் அடுத்தடுத்து இருந்தன. நடுவில் இருக்கவேண்டிய ஓர் ஓலையைக் காணோம். ஏடு பிறந்த கதையே அந்த ஓலையில்தான் இருந்தது.

கதை என்னவென்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். கூடை காலியாகி வந்த அம்மை, பனைமூட்டில் குந்தித் தாகத்துக்குக் கேட்டாளாம். மேலே இருந்தவன், "பதனீர் உண்டு, பதிலுக்கு என்ன தருவே?" என்றானாம். "உப்பு தீந்துபோச்சு. சொல்லு இருக்கு" என்றாளாம். "சொல்ல வச்சு நான் என்ன செய்ய?" என்றானாம். "எழுதி வையி, நாளைக்கும் வாறேன்" என்றாளாம். ஒன்பது நாள் அவள் சொல்லச் சொல்ல அவன் எழுதினான். ஒன்பதாம் நாள் தன் கைப்பிள்ளைக்கு நோவு கண்ட இடத்தில் கதையை நிறுத்திவிட்டு எழுந்தாள். பிள்ளை என்னாச்சு என்று அவன் கேட்டான். அவள் பதில் சொல்லாமல் நடந்துவிட்டாள். அவனுக்கும் வீட்டில் ஒரு கைப்பிள்ளை இருந்தது. மனசு கேட்கவில்லை. பிள்ளை பிழைத்தது என்று ஒரு வரியைத் தானாக எழுதிச் சேர்த்தான். மறுநாள் காலையில் முதல் பனையிலேயே கைநழுவி விழுந்தான்.

அதனால்தான் தாழைவிளை ஏட்டுக்கு இரண்டு சட்டம். ஓலையில் இல்லாததை ஏட்டுமுன் வாய்திறந்து சொல்லக்கூடாது. சொல்லுகிற வாயும் எழுதுகிற கையும் ஒருவருடையதாக இருக்கக்கூடாது. இரண்டுக்கும் மேலே ஒரு பயமும் உண்டு. திறந்த ஏட்டை வாசித்து முடித்துத்தான் கட்டவேண்டும். பாதியில் கட்டினாலோ, திறந்தே போட்டுவிட்டாலோ, அந்தக் கூரைக்குக் கீழே உள்ள இளம் உயிரை அம்மை கேட்பாள்.

சுயம்புவின் கூரைக்குக் கீழே அப்போது அவன் மருமகள் ரத்தினம் நிறைமாதமாக இருந்தாள்.

இந்த வருடத்து ஏடே அவளுக்காக நேர்ந்துகொண்டதுதான். மகன் தங்கக்கண் கீரிப்பாறையில் ரப்பர் தோட்டத்து வேலைக்காரன். மாதம் ஒருதரம் வந்துபோவான். கல்யாணமாகி நாலு வருடத்தில் இரண்டு பிள்ளை பிறந்தது. முதலாவது பதினோராம் நாள் போனது. இரண்டாவது ஒன்பதாம் நாள். இரண்டுக்கும் காய்ச்சல் கிடையாது, இழுப்பு கிடையாது. குடித்துக்கொண்டிருந்த பிள்ளை குடிப்பதை நிறுத்தியது, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் விளக்கு வைக்கும்முன்பே கூட்டம் கலைந்தது. யாரும் சொல்லிக்கொண்டு போகவில்லை. பிரசாதமாக அவித்து வைத்திருந்த சிறுபயறும் கருப்பட்டியும் உருளியோடு அப்படியே கிடந்தது. சுயம்புவின் மனைவி தேவகனி அதை வாழையிலையில் எடுத்துக்கொண்டு நாலு வீடு ஏறினாள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு வயிறு சரியில்லை என்றார்கள். ஒரு வீட்டில் அந்திக்கு ஒருவரும் சாப்பிடுவதில்லை என்றார்கள். மற்ற இரண்டு வீடுகளிலும் கதவைச் சாத்தியிருந்தார்கள். அவள் திரும்பி வந்து பயற்றைத் தென்னைமூட்டில் கொட்டினாள். மறுநாள் விடியற்காலம் அடுப்புக்குத் தீ எடுக்கவும் யாரும் வரவில்லை. எப்போதும் ஆறேழு பெண்கள் சிரட்டையோடு வந்து கங்கு வாங்கிப் போவார்கள். அன்று அந்த வீட்டுத் தீ அந்த வீட்டோடேயே நின்றது.

ஏடு பலகையில் திறந்து கிடந்தது. விளக்கு எரிந்தது. வாடைக்காற்றில் பந்தல் ஓலை உரசிக்கொண்டே இருந்தது. மழைத்தூறல் ஏட்டின்மேல் விழாமல் இருக்க சுயம்பு ஒரு தாழம்பாயைப் பிடித்துக் கட்டினான். பிறகு வேலை ஒன்றும் இல்லாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். எப்படி விட்டேன் என்று அவனுக்கு ஏழாம் நாளே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்கத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

போன வருடம் பழைய ஏடு ஓரம் பொடிந்து உதிரத் தொடங்கியது. மார்கழியில் பனைத்தொழில் கிடையாது. அந்த ஒரு மாதத்தில் புதுப்பித்துவிடலாம் என்று சுயம்பு குருத்தோலை வெட்டி, மஞ்சளிட்டு அவித்து, நிழலில் உலர்த்தி, சங்கால் தேய்த்து வைத்தான். உள்வீட்டு வாசலில் உட்கார்ந்து எழுதினான். எழுத்தாணி ஓடும்முன் அவனுக்கு வாய் ஓடும். பழைய ஓலையைப் பார்த்து ஒரு வரியை உரக்கச் சொல்லிக்கொண்டு, பிறகு கீறுவான். பந்தலில் வைத்த ஏட்டுக்குத்தான் அந்தச் சட்டமும் பேறுகாலத் தீட்டும்; பழையதைப் பார்த்துப் படி எடுப்பதற்கு இரண்டும் இல்லை. கதவுக்கு அப்பால் ரத்தினம் இரண்டாவது பிள்ளையோடு படுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். நாற்பத்தொன்பதாம் ஓலையில் பாதி எழுதியிருந்தபோதுதான் உள்ளேயிருந்து அவள் கூப்பிட்டது.

பிள்ளை போய்ப் பதினாறு நாள் கழிந்து திரும்ப உட்கார்ந்தான். பழைய நாற்பத்தொன்பது, எழுதி முடித்த அடுக்கில் மேலாகக் கிடந்தது. அன்றைக்குக் கையிலிருந்து எப்படியோ அங்கே விழுந்திருக்கிறது. எழுதியாயிற்று என்று நினைத்து ஐம்பதை எடுத்தான். புதியதன் ஓரத்தில் நாற்பத்தொன்பது என்று எண் போட்டதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. புது ஏட்டையும் பழைய ஏட்டையும் வைத்து இரண்டு பேர் ஒத்துப்பார்த்த பிறகே பழையதைக் கடலில் விடவேண்டும். ஒத்துப்பார்க்க ஒன்பது நாள் வேண்டும். தையில் பாளை இறங்கிவிட்டது. நாற்பது பனை, காலையும் மாலையும் ஏறவேண்டும். ஒத்துப்பார்க்காமலே, ஆடி அமாவாசைக்கு மணக்குடிப் பொழிமுகத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று, பழைய ஏட்டைப் பட்டோடு விட்டுவிட்டு வந்தான்.

இவ்வளவையும் அவன் ஒன்பதாம் நாள் காலையில் தன் அக்காளிடம்தான் சொன்னான்.

அக்காள் நேசபாய். நாற்பது வருடத்துக்குமுன் மிஷன் சபைக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்து, அங்கே ஞானஸ்நானம் பெற்று, பெயரும் மாறியவள். புருஷன் ஜான்ரோஸ், சபைக் கோயிலில் மணியடிக்கிறவர். தம்பி மருமகளுக்குப் பேறுகாலம் என்று சுக்கும் பூண்டும் கருப்பட்டியும் பெட்டியில் சுமந்து, இரண்டு மைல் மழையில் நடந்து வந்திருந்தாள். வந்ததும் பந்தலுக்குள் ஏறாமல் சுற்றிக்கொண்டு அடுக்களை வழியாக உள்ளே வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நனைந்த முந்தானையைப் பிழிந்தாள்.

"முழுசும் எனக்கு ஓர்மை இருக்குலே" என்றாள். "சொல்லுதது ஒருத்தி, எழுதுதது ஒருத்தன். உனக்க சட்டத்துக்கும் சரிதான். ஆனா நான் சொல்லமாட்டேன்."

"நான் கேக்கல்லியே அக்கா."

"கேட்டிராதேண்ணுதான் சொல்லுதேன். உனக்க மொகத்தப் பாத்தா சொல்லிப்போடுவேன். பொறவு ஞாயித்துக்கிழமை நான் எங்க போயி முட்டுகுத்தி செபிக்க?"

ரத்தினம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஓலைக் கடவப்பெட்டி முடைந்துகொண்டிருந்தாள். வயிறு தடுப்பதால் பின்னலை ஒருபக்கமாக இழுத்து வைத்திருந்தாள். கை நிற்கவில்லை.

நேசபாய் தம்பியைக் கொஞ்சம் சிரிக்க வைக்கப் பார்த்தாள். சின்ன வயசிலிருந்தே தனக்கு ஒரு சந்தேகம் உண்டு, அப்பாவிடம் கேட்டு அடிதான் வாங்கினேன் என்றாள். "பனையேறி விழுந்து செத்தாச்சு. அவன் செத்த கதைய ஏட்டுல எழுதுனது ஆருலே? அவனுக்க பேயா?"

சுயம்பு சிரிக்கவில்லை. "எட்டாம் நாளுல வருமே. மறந்துட்டியா? ஒம்பது நாளும் அவனுக்க பெஞ்சாதி கஞ்சி கொண்டுவந்துட்டு, ஒரு ஓரமா நிண்ணு அம்மை சொன்னதக் கேட்டிருக்கா. அவ சொன்னா. கொழுந்தன் எழுதினான். அவன் சேத்த வரிய, இது இவன் சேத்ததுண்ணு பிரிச்சுச் சொன்னதும் அவதான்."

"அவளுக்கு ஒண்ணும் ஆகல்லியோ?"

"அவ கேட்டதுக்கு மேல ஒண்ணும் சொல்லல்ல."

ரத்தினத்தின் கை நின்றது. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

அன்று மத்தியானம் ஊர்க்காரர்கள் ஒரு முயற்சி செய்தார்கள். பந்தலுக்கு வெளியே, ஏட்டுக்குக் காது கேட்காத தூரத்தில் கூடி, ஆளுக்கு நினைவிருப்பதைச் சொல்லிப் பார்த்தார்கள். அம்மை கேட்டது பதனீர் என்றார் ஒருவர். வெறும் தண்ணீர் என்றார் மற்றவர். அவள் கையில் பிள்ளை இருந்தது என்றார்கள், கூடையில் இருந்தது என்றார்கள். செம்பொன் தனக்குத்தான் சரியாகத் தெரியும் என்று ஆறு வரி சொன்னார். அது ஐந்தாம் நாள் கல்யாணப் பாகம் என்று ஒரு கிழவர் காட்டிக்கொடுத்தார். கடைசியில், சரி, யார் வந்து ஏட்டுமுன் உட்கார்ந்து சொல்லுகிறீர்கள், தவறினால் சொன்னவன் தலைக்குத்தான் என்று செம்பொன் கேட்டார். ஆண்களெல்லாம் பனையேறிகள். ஒருவரும் நிமிரவில்லை.

பிறகு செம்பொன் சுயம்புவிடம் வந்தார். கடுமையாகப் பேசவில்லை. அதுதான் தேவகனிக்குப் பயமாக இருந்தது.

"தம்பி, மருமவள நாளைக்கு வண்டியேத்தி தோவாளைக்கு, பெத்த தள்ளை வீட்டுக்கு அனுப்பிரு. வண்டி நான் தாறேன். தெறந்த ஏட்டுக்கு முன்ன பேறு நடந்தா தீட்டு, வாலாமை பதினாறு நாளு. அது கழியாம ஒருத்தன் ஏட்டத் தொட ஒக்குமா? அதுவர தெறந்து கெடந்தா என்ன ஆகும்?"

"நிறைமாசம், அண்ணாச்சி. வழியெல்லாம் வெள்ளம்."

"வழியில ஒண்ணு ஆனா ஒண்ணோட போவும். இங்கன ஆனா ஊருக்கே" என்றவர் மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார்.

அவர் போன பிறகு தேவகனி அடுப்பு முன்னால் குந்தினாள். கஞ்சி கொதித்து வழிந்து தீ அவிந்தது. அவள் ஊதவில்லை. நேசபாய்தான் வந்து விறகை இழுத்தாள்.

"மைனி, எழுதின பாதி ஓலை எங்கண்ணு ஒருத்தரும் கேக்கல்லியே" என்றாள் தேவகனி.

நேசபாய் அவள் முகத்தைப் பார்த்தாள்.

"பிள்ளைக்கு மேலு குளுந்துபோச்சு. சூடு காட்ட, பொசுக்குண்ணு தீப் பிடிக்கதா ஒரு சாமானும் கையில கிட்டல்ல. வாசல்ல இவுக எழுதின எடத்துல ஓலையும் சீவலும் கெடந்துது. அள்ளி அடுப்புல வச்சேன். நல்லா எரிஞ்சுது, மைனி."

அவள் அழவில்லை. அதைச் சொல்லி முடித்ததும் கரண்டியை எடுத்துக் கஞ்சியைக் கிண்டத் தொடங்கினாள். நேசபாய் அவள் முதுகில் கை வைத்தபடி நின்றாள். கதவுக்கு அப்பால் இருந்த ரத்தினத்துக்கு எல்லாம் கேட்டது.

பத்தாம் நாள் விடியும்போதே ரத்தினத்துக்கு இடுப்பில் நோவு கண்டது. வருவதும் போவதுமாக இருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு பேறு கண்டவள். இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அவளுக்கு ஒரு கணக்கு இருந்தது. வெந்நீரில் குளித்து, ஈரத் தலையை முடிந்து, மாற்றுப் புடவை கட்டினாள்.

மழை சற்று வெளிவாங்கியிருந்தது. செம்பொன் வண்டியோடு வந்துவிட்டார். கூண்டுக்குள் வைக்கோல் மெத்தையாக விரித்திருந்தது. பின்னால் ஊரில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். யாரும் முற்றத்துக்குள் கால் வைக்கவில்லை. ரத்தினம் வெளியே வந்தாள். வண்டியைப் பார்க்கவில்லை. நேராகப் பந்தலுக்குள் நடந்து, ஏட்டுப் பலகைக்கு அந்தப் பக்கம், சுயம்புவுக்கு எதிரே, தரையில் கையூன்றி மெல்ல உட்கார்ந்தாள்.

"மாமா, ஒரு வெள்ளோலை எடுத்துக்கிடுங்க."

"என்னத்துக்கு மக்கா?"

"நான் சொல்லுதேன். நீங்க எழுதுங்க."

செம்பொன் வேலிக்கு வெளியே நின்றபடி, பொம்பளை ஏட்டுமுன் உட்கார்ந்து சொல்வது எந்த ஊர் முறை என்றார்.

"நம்ம ஊரு முறைதான் மாமா" என்றாள் ரத்தினம் திரும்பாமலே. "மொதல்ல சொன்னதும் ஒரு பொம்பள. பொறவு சொன்னதும் ஒரு பொம்பள. எழுதினவனுவதான் ஆம்பள."

சுயம்பு தாழ்ந்த குரலில், "தப்பாப் போச்சுண்ணா சொன்னவ தலையில விழும் மக்கா" என்றான்.

"விழட்டும். நான் பனை ஏறல்லியே. விழுததுக்கு எனக்கு மரமா இருக்கு?"

வேலிக்கு வெளியே யாரோ சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டார்கள். தேவகனி மருமகளின் வயிற்றைப் பார்த்தாள். விழுவதற்கு மரம்தான் வேண்டுமென்று இல்லை என்பது அங்கே நின்ற எல்லாப் பெண்களுக்கும் தெரியும்.

சுயம்பு வெள்ளோலையை எடுத்து இடதுகைப் பெருவிரலில் தாங்கினான். எழுத்தாணியின் முனையை ஓலையில் ஊன்றினான். ரத்தினம் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினாள். ராகம் கிடையாது. அவன் அன்றைக்கு எழுதும்போது சொல்லிக்கொண்ட மாதிரியே, ஒவ்வொரு வரியாக, நடுவில் கீறுவதற்கு நேரம் விட்டுச் சொன்னாள். அன்றைக்கு அவன் இருமலுக்காக எங்கே நிறுத்தினானோ அங்கே அவளும் நிறுத்தினாள். அம்மை தாகத்துக்குக் கேட்டாள். பனையேறி விலை பேசினான். ஒன்பது நாள் போயிற்று.

"ஒன்பதாம் நாளில் உரைநிறுத்தி அம்மையவள்
முன்பின்னும் பேசாமல் முந்தானை தட்டிநின்றாள்
என்பிள்ளை போலிருக்கும் உன்பிள்ளை என்னாச்சு."

எழுத்தாணி ஓடி முடித்தது. சுயம்பு நிமிர்ந்து காத்திருந்தான். ரத்தினம் கண்ணைத் திறந்தாள். "அவ்வளவுதான் மாமா."

"மிச்சம்?" என்றார் செம்பொன்.

"மிச்சம் நான் கேக்கல்ல."

தேவகனி பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள். "கேக்காம என்ன மக்கா? இந்த முத்தத்துலயே ரெண்டு வருசம் இருந்து கேட்டியே. அந்த ஒரு வரியச் சொல்லிரு. பிள்ள பிழைச்சுதுண்ணு நல்ல சொல்லு. இண்ணைக்கு உனக்க வாயிலயிருந்து வரட்டும். ஓலையிலயும் விழட்டும்."

"அது அம்மை சொன்ன வரி இல்லியே மாமி. அவன் சேத்தது."

"சேத்ததுதான். ஏட்டுல இருந்துதுல்லா."

நோவு ஒன்று வந்து போகிறவரை ரத்தினம் பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா இந்த வரிய வாயில சொல்லும்போ நான் பிள்ளைக்குப் பாலு குடுத்துட்டு இருந்தேன். என்னாச்சுண்ணு மாமா சொன்னாவ. நான் குனிஞ்சு பாத்தேன். குடிப்ப நிறுத்திட்டு. பொறவு எழுத்தாணிச் சத்தம் கேக்கல்ல. நீங்க தீ போட்டிய. நான் கேட்டது அவ்வளவுதான். மத்த வருசம் கேட்டது எல்லாருக்க ஓர்மையும் போல ஒரு ஓர்மை. அதச் சொன்னா நானும் சேத்தவதான்."

செம்பொன் தலைத்துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டதைச் சுயம்பு பார்த்தான். அரை ஓலை வெறுமையாக இருந்தது. அவன் அதில் கோடுகூடக் கீறவில்லை. விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தான். எழுத்து கறுத்து எழுந்தது. ஓலையை நாற்பத்தெட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் கோத்தான்.

பிறகு வாசித்தான். உன்பிள்ளை என்னாச்சு என்ற இடத்தில் நிறுத்தினான். வெறும் பாதியின்மேல் கண்ணை ஓட்டினான், எழுத்து இருந்தால் எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். ஊர் வேலியோரம் நின்று கேட்டது. அடுத்த ஓலையை எடுத்தான்.

"பாறைமேல் வீழ்ந்தவனைப் பார்த்தழுதாள் பத்தினியாள்..."

ஏழாம் நாள் முடிந்ததும் எட்டாம் நாளைத் தொடங்கினான். அதற்குள் ஜனங்கள் ஒவ்வொருவராக முற்றத்துக்குள் வந்து உட்கார்ந்திருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே இருப்பில் முடித்துவிடுவது என்று அவன் முடிவு செய்தது ரத்தினத்தின் கால்விரல்களைப் பார்த்த பிறகுதான். அவள் பந்தல் காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் அசையவில்லை. காலின் பெருவிரல் மட்டும் மண்ணைக் கவ்வுவதும் விடுவதுமாக இருந்தது. முதலில் ஒரு பக்கம் வாசிக்கிற நேரத்துக்கு ஒருதரம். பிறகு பத்து வரிக்கு ஒருதரம். வேகமாக வாசிக்கலாம், ஒரு வரியும் விடக்கூடாது. சுயம்பு ராகத்தை விட்டான். மூச்சுக்கு நிறுத்துவதை விட்டான். அவளைப் பார்த்தால் சொல் தடுக்கும் என்று ஓலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நேசபாய் அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே போய் அண்டாவில் தண்ணீர் ஏற்றினாள். பேறு பார்க்கிறவளுக்குப் பின்வழியாக ஆள் அனுப்பினாள். பிறகு பின்முற்றத்து ஈர மணலில் முழங்கால் போட்டாள்.

கடைசி ஓலையில் அம்மை கடலுக்குள் இறங்கிப் போவாள். அது பதினாறு வரி. சுயம்புவின் குரல் கம்மி, காற்றாகத்தான் வந்தது. முடித்து, ஓலைகளைத் தட்டிச் சேர்த்து, பலகை வைத்து, கயிற்றைச் சுற்றி இறுக்கினான்.

முடிச்சு விழுந்ததை ரத்தினம் பார்த்தாள். "மாமி, வாங்க" என்றாள்.

தேவகனி அவளைத் தூக்கியபோது புடவையும் கீழே இருந்த மண்ணும் நனைந்திருந்தன.

விளக்கு வைக்கும்முன் பிள்ளை பிறந்தது. பெண். வெளியே வண்டி மாடு அவிழ்க்கப்படாமல் நின்றது. பிறந்து வெகுநேரம் சத்தம் இல்லை. பேறு பார்த்தவள் காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி உள்ளங்காலில் சுண்டினாள், முதுகில் தட்டினாள், மூக்கில் ஊதினாள். பிறகு ஒரு கம்மலான அழுகை வந்தது. முற்றத்திலிருந்த பெண்கள் குலவையிடவில்லை. முந்தின இரண்டும் இதைவிட நன்றாகவே அழுதன என்பது அவர்களுக்கு நினைவிருந்தது.

மறுநாள் எல்லைப் பனையில் மாவிலையை அவிழ்த்தார்கள். மீன்காரிகள் வந்தார்கள். கங்குக்கு மட்டும் யாரும் வரவில்லை. ஒன்பதாம் நாளும் பதினோராம் நாளும் கழியட்டும் என்று காத்திருந்தார்கள். நேசபாய் ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு அன்றே திரும்பிவந்தாள். தங்கக்கண் தோட்டத்திலிருந்து வந்து பிள்ளையை எட்டி நின்று பார்த்தான், தூக்கவில்லை.

பிள்ளை பிறந்த எட்டாம் நாள் தேவகனியால் பொறுக்க முடியவில்லை. வாலாமை கழிந்ததும் அந்த வெறும் பாதியில் அந்த ஒரு வரியை எழுதிவிடுங்கள் என்று சுயம்புவிடம் மன்றாடினாள். பாதி ஓலை வாயைத் திறந்துகொண்டு கிடக்கிற மாதிரி தனக்கு இருக்கிறது என்றாள். சொன்னவளிடம் கேள் என்றான் அவன். அவள் கேட்டாள்.

"எழுதாண்டாம் மாமி" என்றாள் ரத்தினம். "அம்மை அங்கனதான் எழும்பிப் போனா. அது அங்கனயே கெடக்கட்டும்."

"உனக்குப் பயமே இல்லியா பிள்ளே?"

"இருக்கு."

ஒன்பதாம் நாள் காலையில் மழை பெய்தது. வீட்டில் யாரும் வெளியே போகவில்லை. போகாமல் இருக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருந்தது. சுயம்பு உள்வீட்டு வாசலில் உட்கார்ந்து, தையில் தொழில் தொடங்குவதற்கு, காலில் மாட்டிப் பனையேறும் தளநார் முறுக்கிக்கொண்டிருந்தான். தேவகனி ஒரு நாழி அரிசியை மூன்றாம் தரமாகப் புடைத்தாள். நேசபாய் சுக்கு இடித்தாள். கதவு திறந்திருந்தது. ரத்தினம் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளை உறிஞ்சுகிற சின்னச் சத்தம் மழைக்குள்ளும் எல்லோருக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

அது நின்றது.

உலக்கை நின்றது. சுளகு நின்றது. சுயம்புவின் கையில் நார் பாதி முறுக்கோடு பிரிந்தது. யாரும் வாயைத் திறந்து கேட்கவில்லை. ரத்தினம் குனிந்து பார்க்கவில்லை. எதிர்ச்சுவரைப் பார்த்தபடி, பிள்ளையின் முதுகில் விரித்த உள்ளங்கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். கூரை நுனியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் மண்ணில் குழி பறித்துக்கொண்டிருந்தது.

பிள்ளை ஒரு பெருமூச்சு விட்டது. மறுபடி இழுத்துக் குடிக்கத் தொடங்கியது.

ரத்தினம்தான் முதலில் பேசினாள். "மாமா, அந்த நாரு பிரிஞ்சிட்டு. திரும்ப முறுக்குங்க."

சுயம்பு குனிந்து நாரின் நுனியைத் தேடினான். கண்ணில் நீர் மறைத்தது. கையால் தடவியே எடுத்தான்.